தண்ணீருக்குள் நின்ற மதகு

எங்கள் கந்தோரில் ஒரு எழுத்துரு போடுவதென்றாலும் கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். கொஞ்சக் காலத்துக்கு முன்னர் அப்படித்தான் இருந்தது. கிளிநொச்சியில் இருந்துகொண்டு முல்லைத்தீவுப் பக்கம் மிதிவெடி அகற்றுகிற சிறிய நிறுவனம் அது. அங்கே கொம்பியூட்டர், பிரிண்டர், இணைய இணைப்பு என்று வயர் ஓடுகிற எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்று பெயர்தான். எந்த மென்பொருளை நிறுவப் போனாலும் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து, நிர்வாகியின் கடவுச்சொல்லைத் தா என்று கேட்கும். அது என்னிடம் இல்லை. கொழும்பில் ஒருவரிடம் இருந்தது. அவருடைய முகம் எனக்குத் தெரியாது, குரல் மட்டும் தெரியும்.

ஊர்களில் இருந்து வருகிற கடிதங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவில் இருக்கும். பள்ளிக்கூடம் ஒன்றில் அடிக்கும், கமக்காரர் அமைப்பு இன்னொன்றில் அடிக்கும். திறந்து பார்த்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடக்கும். உரிய எழுத்துருவைப் போட்டால்தான் வாசிக்கலாம். நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுப்பேன். அவர் நல்ல மரியாதையாகச் சொல்வார்:

"மிஸ், டிக்கெட் ஒன்று போடுங்க. நம்பர் வந்த பிறகு பார்க்கலாம்."

"என்னவாம்?" என்று கந்தோரை நடத்துகிற எங்கள் முகாமையாளர் அக்கா கேட்பார்.

"டிக்கெட் போடட்டாம்."

"ஒரு எழுத்துப் போடவோ? கொழும்புக்கு பஸ்ஸில டிக்கெட் எடுத்துப் போய் நேர கேட்டிட்டு வந்தா கெதியா முடிஞ்சிடும் பிள்ளை."

ஒருமுறை ஊர்க்கூட்டம் வேறு இடத்துக்கு மாறியிருந்தது. மாறிய செய்தி திறக்க முடியாத ஒரு கடிதத்துக்குள் இருந்தது. நாங்கள் எல்லோரும் பூட்டிய பள்ளிக்கூடம் ஒன்றின் முன்னால் மத்தியான வெயிலில் நின்றோம். அன்றைக்கு முகாமையாளருக்கு ஏறிய கோபத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. கந்தோருக்கு வந்ததும் கொழும்புக்கு எடுத்து, அவர்களுடைய மேலாளுக்கும் மேலாளைப் பிடித்து, காதால் புகை வருகிற மாதிரிக் கிழித்தார். அடுத்த கிழமையே எல்லாக் கணினியிலும் எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கிடைத்துவிட்டது. யாரும் எதையும் போடலாம், எதையும் அழிக்கலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை. சந்தோசத்தில் நான் கடைக்கு ஓடிப்போய் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தேன். ஊசி போற இடம் பார்த்தவர்கள் உலக்கை போற இடத்தைப் பார்க்கவில்லை. கொழும்பும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

என்னுடைய தங்கச்சியைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அவளும் அதே நிறுவனத்தில்தான், ஆனால் வெளிக்களத்தில். மண்ணில் முழங்கால் குத்தி, கருவியை இடமும் வலமுமாக ஆட்டி, அது கத்துகிற இடத்தை ஒரு சின்னக் கம்பியால் சரிவாகக் கிளறுகிற வேலை. எங்கள் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு ஓமந்தைப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அப்பா இப்போது இல்லை, அம்மா அங்கேயே இருக்கிறார். அம்மாவுக்குத் தங்கச்சியின் வேலை அறவே பிடிக்காது. கலியாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "மாப்பிள்ளை வீட்டுக்கு என்னா வேலைனு சொல்றது?" என்று மலைநாட்டுத் தமிழில் புலம்புவார். அவளோ காலையில் வெளிக்கிடும்போது வேண்டுமென்றே "போறன்" என்று மட்டும் சொல்லுவாள். "போட்டு வாறன் எண்டு சொல்லடி, மூதேவி" என்று நான் கத்த வேண்டும். அதற்காகவே அப்படிச் சொல்வாள்.

எனக்குப் பயம். அதை மறைக்க நான் ஒருநாளும் முயன்றதில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து, பின்னேரம் அவர்களுடைய வாகனம் கந்தோர்ப் படலைக்குள் நுழைகிற சத்தம் கேட்கும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கச்சிக்கு அது பகிடி. "நான் வெடிச்சுச் சாகிறதை விட நீ கரண்ட் அடிச்சுச் சாகிறதுக்குத்தான் கூட இடமிருக்கு, அக்கா. அந்த வயரெல்லாம் ஒருக்கா வடிவாப் பார்" என்பாள்.

அவள் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன ஆறுதல் ஒன்று இருந்தது. ஒரு காணியில் வேலை தொடங்கும்போது, அதற்கு வெளியே, வெடி இல்லை என்று உறுதியான ஓரிடத்தை நிலப்படத்தில் குறித்துக் கொடுப்பார்கள். வாகனம், அம்புலன்ஸ், கூடாரம், தண்ணீர்க் கலன் எல்லாம் அங்கேதான் நிற்கும். கவச அங்கியைக் கழற்றுவதும், சாப்பிடுவதும், சாய்ந்து படுப்பதும் அங்கே மட்டும்தான். அந்த எல்லையை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "சட்டத்தைக் காப்பாத்தினா சட்டம் எங்களைக் காப்பாத்தும்" என்று அவள் சொல்லுவாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நாளைக் கடத்தினேன்.

அந்தப் படங்களைக் கீறுகிறவர் என் பக்கத்து அறையில் இருந்தார். நான் அவரை அண்ணை என்பேன். நல்ல மனிதர், நிதானமானவர். ஒரு கோடு கோணினால் முழுப்படத்தையும் திரும்பக் கீறுகிற ஆள். அவருக்குப் பழைய நில அளவைப் படம் ஒன்று கிடைத்திருந்தது. நாயாற்றுப் பக்கம் புதிதாகத் தொடங்கப் போகிற காணி அதில் இருந்தது. அதைக் கணினியில் ஏற்றிப் பார்ப்பதற்கு இணையத்தில் ஒரு சின்னத் துணை மென்பொருள் இலவசமாகக் கிடைத்தது. இறக்கினார். முந்தியென்றால் அந்தப் பெட்டி வந்து மறித்திருக்கும், நான் கொழும்புக்கு எடுத்திருப்பேன், கொழும்பு இது எதற்கு என்று கேட்டிருக்கும். இப்போது ஒரே ஒரு தட்டுத்தான்.

"பார் பிள்ளை, ஆரிட்டையும் கெஞ்சத் தேவையில்லை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஓம் அண்ணை, எங்களுக்கும் ஒரு காலம்" என்று நானும் சிரித்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் விளங்கும். இலங்கையில் ஓர் இடத்தை எண்களால் குறிப்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. உலகம் முழுக்க இப்போது பாவிக்கிற புதிய கணக்கு இன்னொன்று. ஒரே எண்ணை ஒன்றில் போட்டால் ஓரிடத்தில் விழும், மற்றதில் போட்டால் தள்ளி விழும். அந்தத் துணை மென்பொருள் தன்னை நிறுவும்போதே, யாரையும் கேட்காமல், படம் கீறுகிற மென்பொருள் முழுவதையும் பழைய கணக்குக்கு மாற்றிவிட்டது. எல்லா உரிமையும் திறந்து கிடந்ததால் அதை மறிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிழை என்று ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. படம் வழக்கம்போல அழகாக அச்சாகி வந்தது. களத்தில் கையில் கொண்டு போகிற ஜி.பி.எஸ் கருவிக்கும் அதே எண்கள்தான் ஏறின.

அந்தக் காணியில் முந்தி யாரோ நட்ட எச்சரிக்கைக் குறிகள் வெள்ளத்தில் அடிபட்டுப் போயிருந்தன. எல்லாம் மட்டமான பற்றைக்காடு. ஆகவே குழு முழுக்க அந்தப் படத்தைத்தான் நம்பிப் போனது. முதல் நாள் வேலை. தங்கச்சியும் போனாள்.

நான் காலைத் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஊராருக்குக் கொடுப்பதற்காக அந்தப் படத்தில் தமிழ்ப் பெயர்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால், வானத்தில் இருந்து எடுத்த செய்மதிப் படம் ஒன்றைப் போட்டால் பார்க்க வடிவாக இருக்கும் என்று நினைத்துப் போட்டேன். எங்கள் படத்தில் குறித்த றோட்டு மதகு, கடலோரக் களப்பின் தண்ணீருக்குள் நின்றது. எனக்கு அந்த மதகைத் தெரியும். அதில் நின்று தங்கச்சியோடு இறால் வாங்கியிருக்கிறேன், விலை பேசிச் சண்டையும் பிடித்திருக்கிறேன். அது தண்ணீருக்குள் இல்லை.

"அண்ணை, இந்த மதகு ஏன் தண்ணிக்குள்ள நிக்குது?"

"மீன் பிடிக்கப் போட்டுதாக்கும்" என்று அவர் தன் அறையில் இருந்தே பகிடி விட்டார்.

"பகிடி இல்லை அண்ணை. ஒருக்கா வந்து பாருங்கோ."

வந்தார். பார்த்தார். என்னுடைய கதிரையை இழுத்து இருந்தார். கொஞ்ச நேரம் எதையெதையோ திறந்தார். பிறகு, "எல்லாம் ஒரு பக்கமாத் தள்ளிப் போச்சு பிள்ளை" என்றார்.

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு."

"அப்ப அவையள் இப்ப எங்க நிக்கினம்?"

அவர் விரலைத் திரையில் வைத்தார். கூடாரம் என்று நான் சற்று முன்னர் தமிழில் எழுதிய இடம், கணக்கைத் திருத்தி அவர் இப்போது சரியான இடத்தில் போட்ட வெடி எல்லையின் சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருந்தது. வாகனமும் உள்ளே. அம்புலன்ஸும் உள்ளே. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு ஆறுதலாக இருக்கச் சொல்லி நாங்கள் குறித்துக் கொடுத்த இடம் முழுக்க மிதிவெடிக் காணி.

ஐயோ அம்மாளாச்சி என்று நான் கத்தியதை எல்லோரும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துப் பிடித்து வோக்கி இருக்கிற அறைவரை போனேன். களத்தோடு பேசுவதற்கு அதுதான் வழி. முகாமையாளர் என் முகத்தைப் பார்த்ததும் எழும்பிவிட்டார். நான் சொன்னது அவருக்கு எப்படி விளங்கியது என்று தெரியாது, எனக்கே என் கதை விளங்கவில்லை. அவர் வோக்கியை எடுத்தார். களத்தில் நிற்கிற மேற்பார்வையாளரின் குரல் உடனே வந்தது. பின்னால் யாரோ சிரிக்கிற சத்தமும் வந்தது. அவர்கள் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் நிண்ட நிண்ட இடத்தில நில்லுங்கோ" என்றார் முகாமையாளர். "இருக்கிற ஆக்கள் இருங்கோ. ஒராளும் கால் எடுக்க வேண்டாம்."

"விளங்கேல்லை அக்கா. என்ன பிரச்சினை?"

"படம் பிழை. நீங்கள் நிக்கிறது உள்ளுக்கு."

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும். பின்னால் கேட்ட சிரிப்பும் நின்றுவிட்டது. வெடித்துவிட்டதா, இல்லையா, வெடித்தால் வோக்கியில் கேட்குமா, கேட்காதா என்றுதான் மண்டைக்குள் ஓடியது. கடைசியில், "விளங்குது அக்கா" என்று அவர் சொன்னார்.

"தங்கச்சி எங்க நிக்கிறாள் எண்டு கேளுங்கோ" என்று நான் முகாமையாளரின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பிள்ளை."

"ஒருக்காக் கேளுங்கோ அக்கா, உங்களைக் கும்பிட்டன்!"

"எல்லாரும் ஆரோ பெத்த பிள்ளையள்தான். ஒராளைத் தனியக் கேக்கேலாது. இரு அதில." கையைத் தட்டிவிட்டார். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வேன். அவர் செய்தது சரி. அது எனக்குத் தெரிந்துதான் ஆத்திரம் வந்தது.

வெளியே வருவதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. கருவி பக்கத்தில் வைத்திருக்கிற ஒருவர், தான் நிற்கிற இடத்தில் இருந்தே மண்ணைச் சோதித்து, சோதித்த இடத்தில் மட்டும் முழங்காலை வைத்து, வாகனத்தின் சில்லுத் தடம்வரை ஒரு சின்னப் பாதை எடுக்க வேண்டும். பிறகு அந்தத் தடத்தையும் சோதித்துச் சோதித்து றோட்டுக்கு வர வேண்டும். மற்றவர்கள் அதன் பின்னால் ஒவ்வொருவராக வரலாம். கருவி கையெட்டுகிற தூரத்தில் இருந்தது ஒராளுக்கு மட்டும்தான் என்று மேற்பார்வையாளர் சொன்னார். மற்றக் கருவிகள் வாகனத்துக்குள். ஒராள் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். யார் என்று அவர் சொல்லவில்லை, முகாமையாளரும் கேட்கவில்லை.

படம் கீறுகிற அண்ணை வாசலில் நின்று அழுதார். உள்ளே வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. நான் நிலத்தில் குந்தியிருந்தேன். அம்மாவிடம் இருந்து ஒரு அழைப்பு வந்தது, மத்தியானத்தில் சும்மா எடுக்கிற அழைப்பு. நான் எடுக்கவில்லை. எடுத்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். இனி அவருக்கு எடுத்து எதைச் சொல்ல வேண்டி வருமோ என்று நினைத்ததும், வடை கொடுத்த அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது.

வோக்கி திடீரென்று இரைந்தது.

"ஒண்டு கிடக்கு அக்கா."

"எங்க?"

"தேத்தண்ணி அடுப்புக்குப் பக்கத்தில. கை நீட்டினா முட்டும்."

முகாமையாளர் கண்ணை மூடினார். "ஆர் கண்டது?"

"உங்க நிக்கிறாவே கொம்பியூட்டர்ப் பிள்ளை, அவான்ர தங்கச்சிதான் பாதை எடுக்கிறா. அவாதான் கண்டவா. அதை விட்டிட்டுச் சுத்தி எடுக்கிறா."

அவள் உயிரோடு இருக்கிறாள் என்பதையும், அவளுக்கு முன்னால் மிதிவெடி இருக்கிறது என்பதையும் நான் ஒரே மூச்சில் கேட்டேன். சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று என் உடம்புக்கு விளங்கவில்லை. அழுகை வராமல் பல்லுத்தான் கிடுகிடுத்தது. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கடைசி ஆளும் றோட்டுக்கு ஏறிவிட்டார் என்ற குரல் வந்தபோது முகாமையாளர் வோக்கியை மேசையில் வைத்துவிட்டு, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு விசும்பினார்.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். தங்கச்சி வாகனத்தால் இறங்கி, "சாப்பிட என்ன கிடக்கு?" என்றுதான் கேட்டாள். நான் அவளைப் பிடித்து ஒரு அடி போட்டேன். பிறகு கட்டிப் பிடித்தேன். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். குழைத்தாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"அக்கா, அந்த இடத்தில நான் சப்பாத்தைக் கழட்டிப் போட்டு வெறுங்காலோட நடந்தனான்" என்றாள். "மண் குளிர்மையா இருந்தது. நல்லா இருக்கெண்டு அங்கயும் இங்கயும் நடந்தனான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

கொழும்போடு கூட்டம் நடந்தது. முகம் தெரியாதவர் ஒலிபெருக்கியில் வந்தார். "மிஸ், எல்லாருக்கும் உரிமை கேட்டது உங்க பக்கம்தானே?" என்று மெதுவாகத் தொடங்கினார்.

"ஓம், நாங்கள்தான் கேட்டனாங்கள்" என்றேன். "ஒரு எழுத்துப் போடுறதுக்கு ஒரு கிழமை மறிச்சு வச்சிருந்தது ஆர்? நீங்கள் அண்டைக்கே பதில் சொல்லியிருந்தா நாங்கள் ஏன் கதவை உடைக்கிறம்?"

முகாமையாளர் என் காலை மேசைக்குக் கீழே மிதித்தார். ஆனால் மறுத்துப் பேசவில்லை.

கந்தோரில் வேலை செய்கிறவர்களுக்கு நிர்வாகி உரிமை வேண்டுமா என்று இப்போது யாராவது கேட்டால், வேண்டாம் என்பேன். படம் கீறுகிறவருக்கும் வேண்டாம், முகாமையாளருக்கும் வேண்டாம். கேட்டால் அன்றைக்கே எழும்பி வந்து, இது எதற்கு, எதை மாற்றும் என்று பார்த்துப் பதில் சொல்கிற ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும். அது இல்லாமல் பூட்டு மட்டும் போட்டால் சனம் பூட்டை உடைக்கும். கூட்டத்தின் முடிவில் எல்லோருடைய உரிமையையும் எடுத்துவிட்டு, கடவுச்சொல்லை என்னிடம் தந்தார்கள். படம் வெளியே போகும் முன்னர் செய்மதிப் படத்தோடு வைத்துப் பார்ப்பதும் என் வேலையானது. அண்ணை வேலையை விட்டுப் போகிறேன் என்று நின்றார். தங்கச்சிதான் போய், "நீங்கள் போனா புதுசா வாற ஆள் என்ன பிழை விடுமோ, ஆருக்குத் தெரியும். இருங்கோ அண்ணை" என்று மறித்தாள்.

இப்போது என் மேசைக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பிரிண்டருக்கு ஒன்று, ஒரு பாட்டுக் கேட்பதற்கு ஒன்று. நான் கேள்வி கேட்டால், "கொழும்பு வந்து கிளிநொச்சியில குந்திட்டுது" என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அவர்களுக்குத் தெரியாதது, ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டி திரையில் வரும்போது என்னுடைய விரல் விறைக்கிறது என்பது. முந்தி நான் பயப்பட்டது மண்ணுக்கு. இப்போது என் கைக்கும் பயப்படுகிறேன்.

அவள் வேலையை விடவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை பிடித்தும் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று வெருட்டியும் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்ச நாளில் அடுத்த காணிக்குப் படம் போனது. குழு புறப்பட்ட காலையில், வேலை தொடங்குவதற்குச் சற்று முன்னர், அவள் எனக்கு எடுத்தாள். ஒருநாளும் அந்த நேரத்தில் எடுக்கிறவள் இல்லை.

"அக்கா, இந்தப் படம் நீயோ பாத்தனீ?"

"ஓம்."

"வடிவாப் பாத்தனீயோ?"

"வடிவாப் பாத்தனான்."

"அப்ப சரி" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாள்.

நான் வடிவாகத்தான் பார்த்திருந்தேன். அண்ணையையும் பக்கத்தில் இருத்தி, பிறகு தனியே இருந்தும் பார்த்திருந்தேன். என்றாலும் படத்தை மீண்டும் திறந்தேன். நில்லடி, இன்னொருக்காப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதற்காக அவளுக்குத் திரும்ப எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.